செசிலியின் அசதி

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடக்கிற வலைக்காரத் தெருவிலிருந்து காலை ஏழரை மணி வேனில் ஏறி, இறால் கம்பெனியின் ஈரத் தரையில் பத்து மணி நேரம் நின்று, ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறாலின் தலையைக் கிள்ளித் தோலை உரித்து, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போய் இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்புகிற முப்பத்துநாலு வயது செசிலி, ஒரு புதன்கிழமை விடியற்காலையில் தன் உடம்பு அசதியைக் கழற்றிப் பக்கத்து வீட்டு லூர்து மைனியின் மடியில் வைத்துவிட்டு, எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அவளை யாரும் ஓடச் சொல்லவில்லை. வேன் கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸை அவள்தான் கிழியாமல் உரித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். துறைமுகத்தில் கிளம்பி, உப்பளச் சாலை சுற்றி, கடற்கரைச் சாலையில் முடிகிற இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். பெண்களுக்குத் தனிப் பிரிவு. மூன்று மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். நோட்டீஸின் பின்பக்கம் பதினாறு வாரத்துக்கு எந்தெந்த நாள் எவ்வளவு ஓட வேண்டும் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. அதை அவள் அரிசி டின்னுக்கு மேலே சுவரில் ஒட்டியபோது அவள் புருஷன் வின்சென்ட், விசைப்படகில் வலை இழுக்கிறவன், சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

"இதையும் பாதியிலதான் விடப்போற."

அவன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னான். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள், தையல் கிளாஸைப் பாதியில் விட்டவள், மகள் ஷைனிக்குத் தைக்க ஆரம்பித்த பாவாடையை அந்தப் பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடச் சீருடைக்கு மாறின பிறகும் முடிக்காதவள் அவள். ஒரு வேலை அரைகுறையாய்க் கிடந்தால் "செசிலி வேலையா?" என்று கேட்கிற பழக்கம் அந்தத் தெருவில் வந்து பத்து வருஷம் ஆகியிருந்தது; அவள் காதுபடவே கேட்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள், சிரித்துவிட்டு உள்ளே போய்ப் பாதியில் நிற்கிற பாவாடையை எடுத்துப் பார்த்து மறுபடி மடித்து வைப்பாள்.

ஐந்து வாரம் அவள் ஒரு கட்டத்தையும் விடவில்லை. நாலு மணிக்கு வின்சென்ட் கடலுக்குப் போனதும் நாலரைக்கு அவள் ஷூவைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள், ஆறு மணிக்குள் வந்து சோறு வடித்து, ஷைனிக்கு டிபன் கட்டி, வேனைப் பிடித்தாள். வேனில் தூங்கினாள், கோயில் பூசையில் முழங்கால் போட்டபடி தூங்கினாள், ஒரு நாள் கம்பெனி மேசையில் கையில் இறாலைப் பிடித்துக்கொண்டு நின்றவாக்கிலேயே தூங்கினாள். ஆறாவது வாரம் செவ்வாய்க்கிழமை இரண்டு லோடு சரக்கு வந்து, பத்து மணி நேர வேலை பன்னிரண்டு மணி நேரம் ஆனது. மறுநாள் விடியற்காலையில் அவள் ஷூவைக் கட்டிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த லூர்து மைனி, ஐம்பது வயது, நாலு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவள், திரும்பிப் பார்த்தாள்.

"என்னட்டி, இன்னைக்கு ஓடலையா?"

"அசதியா இருக்கு மைனி. உடம்பு எந்திரிக்கவே மாட்டேங்கு."

"அத இங்கன குடு. நான் வச்சிருக்கேன். ஓடிட்டு வந்து வாங்கிக்க."

நிறைகுடத்தோடு நிற்கிறவளிடம் குடத்தை இறக்கி வாங்குகிற குரலில்தான் லூர்து அதைச் சொன்னாள், வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை. செசிலியும் குடத்தைக் கொடுக்கிற மாதிரிதான் கையை நீட்டினாள். தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும் கெண்டைக்காலிலிருந்தும் என்னவோ வழுக்கிக்கொண்டு கைக்கு வந்து, கையிலிருந்து லூர்துவின் கைக்குப் போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் லூர்துவின் சேலை மடியில் நனைந்த வலையைப் போட்டதுபோல அமுங்கியது, அவள் "அடியே!" என்று சொல்லிக்கொண்டே கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். செசிலி எழுந்து நின்று, ஒரு காலை உதறி, மறு காலை உதறி, போய்விட்டாள். அவள் திரும்பி வந்தபோது குடம் நிறைந்து தெருவெல்லாம் தண்ணீராய் ஓட, லூர்து உட்கார்ந்தபடியே வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, பிடி. கடலோட கனம் கனக்கு," என்றாள் எழுந்ததும். "இத வச்சிக்கிட்டா நீ நடமாடுற?"

வெள்ளிக்கிழமைக்குள் தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இது எப்படி நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் அதை வெறும் வயிற்றில் பிடிக்கலாமா, மாசமாக இருக்கிறவர்கள் பிடிக்கலாமா, ஒரே ஆள் பிடிக்க வேண்டுமா, இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்ளலாமா என்பதுதான். கோயில் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து யோசித்துவிட்டு, தான் பிரசங்கத்தில் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் இதைத்தான் என்றும், வியாழக்கிழமையைத் தனக்கு ஒதுக்கும்படியும் சொன்னார். மளிகைக்கடை ஞானமுத்து அண்ணாச்சி சனிக்கிழமை பிடிக்கிறேன் என்று வாங்கி, கடைக்கு ஆள் வந்ததும் அதை அரிசி மூட்டையின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனார். அந்த மூட்டை அரிசியைப் பொங்கித் தின்றவர்கள் எல்லாம் மூன்று நாள் பகலில் கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தார்கள். அசதியை ஆள்தான் பிடிக்க வேண்டும், கீழே வைக்கக் கூடாது என்பது அதிலிருந்து எல்லாருக்கும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைதான் நீண்ட ஓட்டம், அன்றைக்குத்தான் வாரம் பூராவும் சேர்ந்த கனம். அதைப் பிடிக்க ஆள் தேட வேண்டியிருக்கும் என்று செசிலி பயந்தாள். ஆனால் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ரொசாரியோ தானாக வந்து அவள் வாசலில் நின்றார். மனைவி செத்துப் பதினோரு மாதமாக அவர் தூங்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையும் கேட்கவில்லை. கட்டிலில் மறுபக்கத்தைப் பார்த்துக்கொண்டு விடியும்வரை கிடப்பார் என்று தெருவுக்கே தெரியும்.

"ஞாயித்துக்கிழமையை எனக்குக் குடுத்திரும்மா," என்றார். "வேற யாருக்கும் குடுக்காத."

அந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கையில் வாங்கிய அவர், ஒரு பச்சைப் பிள்ளையை வாங்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, அவள் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்து வருகிறவரை அசையாமல் தூங்கினார். அவள் திரும்பி வந்தும் எழுப்ப மனம் வராமல் இன்னொரு அரை மணி நேரம் வாசலில் நின்றாள். வின்சென்ட் இதையெல்லாம் பார்க்கவில்லை. ஆறு நாள் கடல், ஏழாவது நாள் தூக்கம் என்று இருக்கிறவனை யாரும் எழுப்பியதில்லை.

இப்படியே போயிருக்கும், எதிர்வீட்டு ஸ்டெல்லா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால். ஸ்டெல்லாவுக்கு இருபத்தாறு வயது, செசிலி நிற்கிற அதே மேசையில் எதிர்ப்பக்கம் நின்று இறால் உரிக்கிறவள், வீட்டில் இரண்டு கைப்பிள்ளைகளும் படுத்த படுக்கையாய் மாமியாரும். பத்தாவது வாரம் ஒரு நாள் குழாயடியில் நாலு பேர் பார்க்க அவள் கேட்டாள்.

"அக்கா, நீங்க ஓடுறதுக்காகத் தெருவே உக்காந்து சுமக்கு. நான் ஓடல. நிக்கேன், நடக்கேன், பிள்ளையத் தூக்குதேன், மாமியார அள்ளி இருத்துதேன். என் அசதிய யாரு பிடிக்கா?"

குழாயடியில் இருந்தவர்கள் எல்லாம் குடத்தைப் பார்த்தார்கள். செசிலி நிறையாத குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள். அன்றைக்கும் மறுநாளும் அவள் தன் அசதியை யாரிடமும் கொடுக்காமல் தன்னோடே வைத்துக்கொண்டு ஓடினாள். ஆறு கிலோமீட்டர் ஓட ஒன்பதுக்கு ஆகிற நேரம் ஆனது, உப்பளத்து வரப்போரம் இரண்டு முறை குனிந்து நின்றாள். விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தது. பழகின நினைப்பு அது, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி நல்ல நல்ல காரணங்களோடுதான் வரும். இந்த முறை வந்த காரணம் எல்லாவற்றையும்விட நல்லதாக இருந்ததால் அவளுக்கு அழுகை வந்தது. ஆனாலும் கட்டத்தில் போட்டிருந்த ஆறையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் வேனை விட்டு இறங்கியதும் அவள் தன் வீட்டுக்குப் போகாமல் ஸ்டெல்லா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"குடுட்டி."

"எதை?"

"உன்னோடதை. நான் பிடிக்கேன்."

"உங்களதோட சேத்தா? செத்துப்போவீக அக்கா."

"குடுன்னா குடு."

ஸ்டெல்லா கோபம் போகாமலே கொடுத்தாள், ஏறக்குறைய எறிந்தாள். அது வேறு மாதிரிக் கனம். செசிலியினுடையது ஈர வலை என்றால் இது கல், மூலை மூலையாய்க் குத்துகிற கல். இரண்டையும் சுமந்துகொண்டு அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தாள், மகளின் கணக்குப் பாடத்தைப் பார்த்தாள். எதிர்வீட்டில் ஸ்டெல்லா மாமியாரைக் குளிப்பாட்டி, பிள்ளைகளைத் தூங்க வைத்து, பிறகு செய்ய ஒன்றும் இல்லாமல் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலையைச் சிக்கெடுத்துச் சீவி, சீவிக்கொண்டே ஒரு பாட்டை முனங்கினாள். அந்தப் பாட்டு தெருவுக்குக் கேட்டது. மறுநாள் விடியற்காலையில் ஸ்டெல்லாவிடம் அவளுடையதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, செசிலிக்குத் தன்னுடையது ஒரு துணிப்பை அளவுதான் இருப்பதாகத் தோன்றியது. அதோடே ஓடினாள், நன்றாகவே ஓடினாள்.

அதற்குப் பிறகு தெருவில் எல்லாரும் எல்லாருடையதையும் பிடிக்க ஆரம்பித்தார்கள். பிரசவித்தவளின் அசதியை அவள் நாத்தனார் பிடித்தாள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையினுடையதை அப்பன் பிடித்தான், ஞானமுத்து அண்ணாச்சிகூடப் பழைய தப்புக்குப் பரிகாரமாக மத்தியானம் கடையை மூடிவிட்டு யாருடையதையாவது மடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். கம்பெனி மேசையிலும் நாற்பத்திரண்டு பெண்களும் கைமாற்றிக் கைமாற்றி வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி தலை சாய்ந்தால் பக்கத்திலிருப்பவள் இடது கையை நீட்டுவாள், வலது கை இறாலைவிட்டு விலகாது.

பதினாறாவது வாரம் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. சூப்பர்வைசர் தனபாலன், கெட்டவன் இல்லை, மேலேயிருந்து சொன்னதைக் கீழே சொல்கிறவன், மேசைக்கு முன்னால் வந்து நின்று வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு, ஒருத்தரும் லீவு கேட்கக் கூடாது என்றான். செசிலியின் ஓட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

"சார், எனக்கு மட்டும் அன்னைக்கு விடுங்க," என்றாள் செசிலி. "ஒரு மணிக்கு வந்திருதேன்."

"ஒருத்திக்கு விட்டா எல்லாரும் கேப்பீங்க. ஒரு ஞாயித்துக்கிழமைதானம்மா. நின்னு இறால் உரிக்கதுல அப்படி என்ன பெரிய அசதி?"

எதிர்ப்பக்கத்திலிருந்து ஸ்டெல்லா கையிலிருந்த இறாலைக் கீழே வைத்தாள், கையைக் கழுவினாள், உடுப்பில் துடைத்தாள், மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"பிடிச்சுப் பாருங்க சார். இது என்னது மட்டும்தான்."

அவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். நீட்டினவன் அப்படியே பின்னால் போய் ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். அதற்குள் இன்னொருத்தி கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டெல்லாவின் பின்னால் வந்து நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, யாரும் சொல்லாமலே நாற்பத்திரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். மூன்றாவது ஆளுடையதை வாங்கியதும் அவன் தலையில் போட்டிருந்த வலைத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான்.

"போதும்," என்றான். "போதும்மா. தினமுமா இது?"

"வேன்ல ஏறும்போதே இருக்கும் சார்," என்றாள் மூன்றாவது ஆள்.

அவன் அன்றைக்கே மேலே போய்ப் பேசினான். என்ன பேசினானோ, ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்று ஆனது. திங்கட்கிழமையிலிருந்து மேசையோரம் நாற்பத்திரண்டு ஸ்டூல் போடுவதாகவும் ஆனது. அந்த விஷயத்தைக் கேட்டு வேனில் பெண்கள் போட்ட கூச்சலில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தெரு முழுவதும் விளக்கு எரிந்தது. ரொசாரியோ சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, செசிலி வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஷூவைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து அவரிடம் கையை நீட்டப் போனபோது, பின்னாலிருந்து வின்சென்ட் வந்தான், தூக்கம் கலையாத கண்ணோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"இன்னைக்கு என்கிட்ட குடு," என்றான்.

ரொசாரியோ நாற்காலியை விட்டு எழுந்து இடம் விட்டார். வின்சென்ட் பதினைந்து வருஷமாகக் கடலிலிருந்து வலை இழுக்கிறவன், இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். வாங்கியதும் அவன் முழங்கால் மடங்கியது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"இதோடயா தினமும் கம்பெனிக்குப் போற?"

"இன்னைக்குக் கம்மி," என்றாள் செசிலி.

அவன் சுவரைப் பிடித்து நிமிர்ந்தான். அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மீன் ஏற்றுகிற மினி லாரியின் பின்பக்கம் ஏறித் தெருக்காரர்களோடு உட்கார்ந்துகொண்டான்.

ஐந்தரைக்குத் துறைமுகத்து வாசலில் முன்னூறு பேர் ஓட ஆரம்பித்தார்கள். செசிலி கூட்டத்தின் கடைசியில் இருந்தாள். கிரேன்களுக்குக் கீழே முதல் ஐந்து கிலோமீட்டர், லாரிகள் நிற்கிற சாலையில் அடுத்த ஐந்து, எதுவும் தெரியவில்லை. கால் பாட்டுக்குப் போனது, மூச்சு பாட்டுக்கு வந்தது. உப்பளச் சாலையில் வெயில் ஏறியது. வெள்ளை வெள்ளையாய்க் குவித்திருந்த உப்பில் கண் கூசியது. பதினாலாவது கிலோமீட்டரில் புது அசதி வந்தது. அது வீட்டில் கொடுத்துவிட்டு வந்தது இல்லை, இந்தச் சாலையில் இந்தக் காலையில் பிறந்தது, முதலில் தொடையில் கை வைத்தது, பிறகு இடுப்பைப் பிடித்தது, பதினேழாவது கிலோமீட்டரில் தோளில் ஏறி உட்கார்ந்தது. முன்னால் போனவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள், சிலர் ஓரமாய் உட்கார்ந்தார்கள்.

அங்கேதான் மினி லாரி நின்றது. தெருவே இறங்கிச் சாலையோரம் வரிசையாய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றது. லூர்து மைனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் கூடவே நாலடி ஓடிவந்தாள்.

"குடுட்டி! எங்கிட்ட குடு! நான் பிடிக்கேன், நீ போ!"

செசிலி அந்தக் கைகளைப் பார்த்தாள். கொடுத்தால் மீதி நாலு கிலோமீட்டரும் காற்றாய்ப் போகலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை. ஆனால் இந்தக் கனம் அவளுக்குத் தெரிந்த கனம். பத்தாம் வகுப்பில் இதே கனத்தில்தான் புத்தகத்தை மூடினாள், தையல் மிஷினிலிருந்து இதே கனத்தில்தான் எழுந்தாள். வாழ்நாளெல்லாம் இந்த இடம்வரை வந்து, வந்து, கீழே வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். இதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"வேண்டாம் மைனி," என்றாள். "இத நானே கொண்டுபோறேன்."

கொண்டுபோனாள். நடக்கிறதா ஓடுகிறதா என்று தெரியாத ஓட்டமாக, ஒரு கரண்டுக் கம்பத்திலிருந்து அடுத்த கரண்டுக் கம்பம்வரை, அங்கிருந்து அதற்கடுத்த கம்பம்வரை என்று கொண்டுபோனாள். பதினெட்டில் கண் இருட்டியது, பத்தொன்பதில் கால் தன்னுடையதாக இல்லை, இருபதில் கடல் தெரிந்தது. கடலைப் பார்த்ததும் அவள் தோளில் இருந்தது இறங்கவில்லை, குறையவும் இல்லை. ஆனால் அவள் அதற்குக் கீழே நிமிர்ந்தாள். நிமிர்ந்தபோது கனம் முதுகெலும்பின்மேல் நேராக நின்றது, நேராக நின்ற கனத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. இரண்டு மணி ஐம்பத்திரண்டு நிமிடத்தில் அவள் கோட்டைத் தாண்டினாள். அவள் கழுத்தில் மெடலைப் போட்ட பெண், அம்மா நீங்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். செசிலிக்குத் தான் சிரிப்பதே அப்போதுதான் தெரிந்தது.

லாரி வந்து சேர்ந்தது. வின்சென்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றான், காலையில் வாங்கியதை இன்னும் நெஞ்சோடு பிடித்திருந்தான், ஒரு நிமிஷம்கூட யாரிடமும் மாற்றவில்லை என்று ரொசாரியோ பின்னாலிருந்து சொன்னார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும்," என்றான் வின்சென்ட். "முழுசா முடிச்சிட்ட செசிலி."

"முடிச்சிட்டேன்லா," என்றாள் அவள்.

தெருக்காரர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் தோளில் இருந்தது யார் கண்ணுக்கும் தெரியாவிட்டாலும் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது. வாங்கிக்கொள்ளக் கை நீட்டியவர்களுக்கு அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். ஸ்டெல்லா மட்டும் கிட்டே வந்தாள்.

"வாங்க மாட்டேன் அக்கா. தொட்டு மட்டும் பாக்கட்டுமா?"

செசிலி தோளைத் தாழ்த்திக் கொடுத்தாள். ஸ்டெல்லா உள்ளங்கையை அதன்மேல் வைத்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் எடுக்காமல் நின்றாள்.

"கனமாத்தான் இருக்கு. ஆனா இது கம்பெனி அசதி இல்லையே அக்கா."

"இல்லட்டி," என்றாள் செசிலி. "இது நான் செஞ்சது."

லாரியில் ஏறச் சொன்னார்கள், அவள் ஏறவில்லை. அதைத் தோளில் வைத்துக்கொண்டு, கடற்கரைச் சாலையில் நடுரோட்டில், முன்னாலும் பின்னாலும் வலைக்காரத் தெரு நடந்துவர, எதிரே வந்த பஸ்ஸும் ஆட்டோவும் ஒதுங்கி வழிவிட, அவள் வீடுவரை நடந்தே வந்தாள்.